ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கி: எந்தப் பாகத்தை முதலில் மாற்றுவது?

நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கி ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, இன்ஜினில் கை வைக்க வேண்டும் என்பதுதான். எக்ஸாஸ்ட், கார்புரேட்டர், சிலிண்டர் ஹெட் என்று பட்டியல் நீளும், ரிங்கிட்டும் கரையும். எல்லாம் மாட்டி முடித்துத் தண்ணீரில் இறக்கினால் வண்டி வேகமாகப் போகும். ஆனால் வளைவில் பின்பக்கம் வழுக்குவதும், நேராகப் போகும்போது துள்ளுவதும், அலையில் மூக்கைக் குத்துவதும் முன்பு இருந்தது போலவே இருக்கும். வேகம் கூடியதால் இந்தக் குறைகள் இன்னும் பெரிதாகத் தெரியும்.

வண்டி நாம் சொன்னபடி கேட்க வேண்டும் என்றால் பணத்தை வேறு இடங்களில் போட வேண்டும். ஓட்டுபவரின் காலும் கையும் வண்டியைத் தொடும் இடம் ஒன்று. வண்டியின் அடிப்பாகம் தண்ணீரைத் தொடும் இடம் இன்னொன்று. பம்ப் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் இடம் மூன்றாவது. இந்த மூன்றையும் சரிசெய்த பிறகுதான் இன்ஜினின் முறை வரும். மலேசியாவின் பத்து பாகாட் பக்கம் ஓட்டுபவர்கள் இந்த மூன்றில் எதற்கு, எந்த வரிசையில் செலவு செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஆஃப்டர்மார்க்கெட் பாகங்களில் ‘எல்லாவற்றுக்கும் நல்லது’ என்று எதுவும் கிடையாது. அமைதியான ஏரியில் அருமையாக ஓடும் அமைப்பு கடல் அலையில் தடுமாறும். அலையில் தாவ வசதியாகச் செய்த வண்டி, ஆற்றில் நேராகப் போகவே அடம்பிடிக்கும்.

பத்து பாகாட்டில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து உருவாகும் பத்து பாகாட் ஆறு ஒன்று. பழுப்பு நிறம், சேறு, மிதந்து வரும் மரக்கட்டை, நிப்பா மட்டை, பிளாஸ்டிக் பை என்று எதுவும் வரலாம். மேல்பகுதியில் கரிமண் நிலங்களைக் கடந்து வருவதால் இந்த நீரில் அமிலத்தன்மையும் உண்டு. மின்யாக் பெக்கு பக்கத்துக் கடல் இன்னொன்று. அது ஆழம் குறைந்த மலாக்கா நீரிணை. பெரிய உருளும் அலைகள் இங்கே குறைவு. காற்று கிளப்பும் குட்டையான அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் வரும். தென்மேற்குப் பருவக்காலத்தில் நீரிணையைத் தாண்டி வரும் ‘சுமத்ரா’ காற்றுமழை பெரும்பாலும் விடியலை ஒட்டித் தாக்கும்; அந்த நேரத்தில் தண்ணீரில் இருக்கவே கூடாது. நீர் வற்றும்போது கரையோரச் சேற்றுத்திட்டு நெடுந்தூரம் வெளியே தெரியும். நீர் ஏற்ற இறக்க நேரம் பார்க்காமல் இறங்கினால் பம்ப் சேற்றைத்தான் குடிக்கும்.

வடகிழக்குப் பருவக்காலத்தில் மெர்சிங், டெசாரு பக்கம் எழும் அலை வேறு வகை. அங்கே அலை மேல் ஏறித் தாவ விரும்புகிறவரின் தேவையும், இங்கே ஆற்றுமுகத்தில் வளைந்து ஓட விரும்புகிறவரின் தேவையும் ஒன்றல்ல. கடைக்காரர் ‘இதுதான் இப்போது எல்லாரும் போடுகிறார்கள்’ என்று சொன்னால், அந்த எல்லாரும் எந்தத் தண்ணீரில் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.

வண்டி எப்படித் திரும்புகிறது

ஜெட் ஸ்கிக்குச் சுக்கான் கிடையாது. அடியில் உள்ள திறப்பு வழியாக உறிஞ்சப்படும் தண்ணீரை, சுழலும் இம்பெல்லர் பின்னால் தள்ளுகிறது. அது குறுகிய நாசில் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. ஹேண்டிலைத் திருப்பினால் நாசில் திரும்பும், தண்ணீர் பாயும் திசை மாறும், வண்டியும் திரும்பும். திராட்டிலை முழுவதும் விட்டுவிட்டால் பாயும் தண்ணீர் இல்லை, ஆகவே திரும்புதலும் இல்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் திராட்டிலை விட்டுவிட்டு நேராகப் போய் மோதுவது இதனால்தான்.

இது திருப்பத்தில் பாதிதான். மீதிப் பாதி உடலில் இருக்கிறது. ஓட்டுபவர் ஒரு பக்கம் சாயும்போது அடிப்பாகத்தின் ஓரம் தண்ணீரைக் கடித்துப் பிடிக்கிறது. உட்கார்ந்து ஓட்டும் ஜெட் ஸ்கியை விட நின்று ஓட்டும் வண்டியில் இந்தச் சாய்வின் பங்கு மிகப் பெரியது. கால் வழுக்கினால் சாய முடியாது. ஓரம் பிடிக்காவிட்டால் சாய்ந்தும் பயனில்லை. பம்ப் காற்றைக் குடித்தால் திருப்பத்தின் நடுவில் உந்துதல் அறுந்துவிடும். கீழே வரும் ஒவ்வொரு பாகமும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைச் சரிசெய்யத்தான் விற்கப்படுகிறது.

மாடலும் ஆண்டும் தெரியாமல் வாங்காதீர்கள்

கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மோட்டோகிராஸ் ஓட்டுநரின் யோசனையை எடுத்துக்கொண்டு கவாசாக்கி நிறுவனம் 1973இல் தன் முதல் ஜெட் ஸ்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் நின்று ஓட்டும் வகைதான். யமஹாவின் சூப்பர்ஜெட் 1990இல் வந்தது. அந்தப் பெயர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தாலும் வண்டி ஒன்றே அல்ல. 1996இல் மூக்கு உருண்டை வடிவம் பெற்றது. 2008இல் அடிப்பாகம் மாறியது. இவை எல்லாம் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். 2021இல் 1,049 சிசி, மூன்று சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினோடு முற்றிலும் புதிய சூப்பர்ஜெட் வந்தது. கவாசாக்கியோ 2017இல் எஸ்எக்ஸ்-ஆர் வண்டியில் 1,498 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜினை வைத்தது.

எடையைப் பாருங்கள். 701 சிசி டூ ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட் சுமார் 140 கிலோ. 2021க்குப் பிந்தையது சுமார் 170 கிலோ. கவாசாக்கி எஸ்எக்ஸ்-ஆர் 250 கிலோவைத் தொடுகிறது. 140 கிலோ வண்டிக்குச் சொல்லும் ஆலோசனை 250 கிலோ வண்டிக்குப் பொருந்தாது. கனமான வண்டி அலையைக் கிழித்துக்கொண்டு நிலையாகப் போகும். அதற்குத் துள்ளலைவிடச் சீக்கிரம் திரும்பாததுதான் பிரச்சினை. இலேசான பழைய வண்டிக்கு நேர்மாறு. கீழே விளக்கும் ரைடு பிளேட்டின் துளைகளும், அடித் திறப்பை மூடும் கிரேட்டின் அளவும்கூட ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். ஆகவே வண்டியில் பொறித்திருக்கும் ஹல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைக் காட்டித்தான் பாகம் கேட்க வேண்டும். ‘சூப்பர்ஜெட்டுக்கு வேணும்’ என்று மட்டும் சொல்லி வாங்கியது பொருந்தாமல் போனால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

மாற்றுவதற்கு முன் பழுதைப் பாருங்கள்

பழைய வண்டியின் கோளாறுகளில் பாதி, புதிய பாகம் இல்லாததால் வந்தவை அல்ல. பழைய பாகம் தேய்ந்ததால் வந்தவை. ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கி நான்கு இடங்களைப் பார்த்துவிடலாம்.

முதலாவது, ஹேண்டிலைத் தாங்கும் ஹேண்டில் போல். வண்டியை டிரெய்லரில் வைத்துப் போலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுங்கள். அடிப்பகுதியில் ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. ஹேண்டிலைத் திருப்பும்போது நாசில் உடனே திரும்பாமல் சற்றுத் தாமதித்தால் ஸ்டீயரிங் கேபிளிலோ அதன் முனையிலோ தளர்வு இருக்கிறது. இவை சில்லறைச் செலவுகள். மாற்றிய அன்றே வண்டி வேறு வண்டி போல் இருக்கும்.

இரண்டாவது, இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வேர் ரிங்குக்கும் இடையிலான இடைவெளி. கிரேட்டைக் கழற்றி, ஃபீலர் கேஜை இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். நல்ல நிலையில் இது அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். 0.6 மில்லிமீட்டரைத் தாண்டினால் பம்ப் தன் பிடியை இழக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். மணலும் சேறும் கலந்த நம் ஆற்றுநீர் இந்த வளையத்தை உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. திராட்டில் கொடுத்ததும் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இறக்கை நுனி மடங்கியோ பிசிறடித்தோ இருந்தாலும் இதே கதைதான்.

மூன்றாவது, பம்ப் வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் உள்ள அடைப்பு. அங்கே சிலிகான் விண்டிருந்தால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். மெக்கானிக்குகள் பொதுவாக ‘கேவிடேஷன்’ என்று சொல்லும் தொல்லைக்கு இதுவும் ஒரு காரணம். புதிய இம்பெல்லருக்குப் பெரிய தொகை கொடுப்பதற்கு முன் ஒரு ட்யூப் மரைன் சிலிகானில் முடியுமா என்று பார்த்துவிடுங்கள்.

நான்காவது, எடை. நின்று ஓட்டும் வண்டிகள் மூழ்காமல் இருக்க உள்ளே நுரை அடைத்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் ஈரம் ஏறி அந்த நுரை தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தராசில் ஏற்றிப் பார்த்தால்தான், தொழிற்சாலை எடையை விடப் பத்து, இருபது கிலோ கூடுதலாக இருப்பது தெரியும். ஊறிய நுரையை அறுத்தெடுத்துப் புதிதாக அடைப்பது அழுக்கான வேலை; ஆனால் விலை உயர்ந்த இலேசான பாகங்கள் பல சேர்ந்து குறைக்கும் எடையை இது ஒன்றே குறைத்துவிடும். நுரையை எடுத்துவிட்டு வெறுமனே விட்டுவிடக் கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்தால் வண்டி மூழ்கிவிடும்.

காலுக்கும் கைக்கும்

பழுதெல்லாம் தீர்ந்த பிறகு முதல் ரிங்கிட், நாம் நிற்கும் ட்ரேயில் ஒட்டும் மேட்டுக்குப் போகட்டும். தேய்ந்து வழவழத்த மேட்டில் நின்றுகொண்டு யாரும் தைரியமாகச் சாய முடியாது. ஹைட்ரோ டர்ஃப் போன்ற நிறுவனங்கள் மாடலுக்கு ஏற்ப வெட்டிய மேட் விற்கின்றன. அளவு வெட்டாத தகட்டை வாங்கி நீங்களே வெட்டிக்கொண்டால் செலவு குறையும். மேட்டின் வெற்றி ஒட்டும் வேலையில்தான் இருக்கிறது. பழைய பசையை முழுவதும் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, காய்ந்த பிறகுதான் பசை பூச வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மழை நாளில் ஒட்டினால் பசைமேல் ஈரம் படிந்து பிடிக்காமல் போகும். வெயில் நாளைத் தேர்ந்தெடுத்து, ஒட்டியபின் குறைந்தது ஒரு நாள் தண்ணீரில் இறக்காமல் விடுங்கள்.

அடுத்தது ஃபுட் ஹோல்டு. கால் நுழைக்கும் இந்த வளைவுகளை ட்ரேயின் ஓரத்தில் எபாக்சியும் ஃபைபர் கிளாஸும் வைத்து ஒட்டுவார்கள். அலையில் தாவும்போது வண்டி காலை விட்டுப் போகாமல் இருக்க இவை தேவை. அமைதியான நீரில் வளைந்து ஓடுவதற்கு அவ்வளவு தேவையில்லை. போடுவதானால் டிரெய்லரில் வண்டியை வைத்து, வழக்கமாக அணியும் காலணியோடு ஏறி நின்று, இயல்பாகக் கால் விழும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அங்கே ஒட்டுங்கள். இன்னொருவர் வண்டியைப் பார்த்து அளவெடுக்காதீர்கள். கால் இறுக்கமாகச் சிக்கும் அளவு சிறியதாக வேண்டாம். விழும்போது கால் தானாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் முழங்கால் போய்விடும்.

ஹேண்டில் பாரின் அகலமும் வளைவும் உங்கள் தோளுக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். அகலமான பார் திருப்ப எளிது, ஆனால் கை அதிகத் தூரம் போக வேண்டும். குறுகிய பாரில் திருப்பம் வேகமாகக் கிடைக்கும், ஆனால் பலம் அதிகம் தேவை. ஹேண்டிலைச் சிறிதளவு திருப்பினாலே நாசில் அதிகம் திரும்பும்படி செய்யும் ஸ்டீயரிங் பிளேட்டுகளும் கிடைக்கின்றன. குறுகிய இடத்தில் சுழல விரும்புகிறவர்களுக்கு இது பிடிக்கும். புதிதாக ஓட்டுகிறவருக்கு வண்டி படபடப்பாகத் தோன்றும். அவர்கள் முதல் சில மாதம் கம்பெனி அமைப்பிலேயே ஓட்டுவது நல்லது.

ரைடு பிளேட்: துள்ளலுக்கு மருந்து

பம்புக்கு நேர் கீழே, வண்டியின் பின்பகுதி அடியில் ஒரு தட்டு இருக்கும். வேகமாகப் போகும்போது வண்டி உண்மையில் சறுக்குவது இதன்மேலும் இதற்கு முன்னால் உள்ள சிறிய பரப்பின்மேலும்தான். அதனால் இந்தத் தட்டின் நீளத்திலும் கோணத்திலும் வரும் சிறு மாற்றம்கூட ஓட்டத்தில் பெரிதாகத் தெரியும்.

நேராகப் போகும்போது மூக்கு மேலும் கீழுமாகத் துள்ளுகிறதா? நீளமான ரைடு பிளேட் போட்டால் தண்ணீரைத் தொடும் பரப்பு பின்னால் நீள்கிறது, மூக்கு தாழ்கிறது, துள்ளல் அடங்குகிறது. ஆற்றில் வேகமாக, நேராக ஓட விரும்புகிறவருக்கு இது சரியான தேர்வு. அலையில் மூக்கைத் தூக்கித் தாவ விரும்புகிறவருக்கு இது எதிரி. அவர் குட்டையான தட்டைத் தேட வேண்டும். குட்டைத் தட்டில் பின்பக்கம் எளிதாக வழுக்கிச் சுழலும், மூக்கு எளிதாக எழும். நேர் வேகத்தில் நிலை குறையும். தட்டின் அடியில் நீளவாக்கில் வரம்புகள் உள்ள வகை, வண்டி இடவலமாக அலையாமல் பிடித்து வைக்கும்.

இன்டேக் கிரேட்: பத்து பாகாட்டில் இதுதான் சிக்கல்

அடியில் உள்ள திறப்பில் குப்பை நுழையாமல் தடுக்கும் கம்பி அடைப்புதான் கிரேட். கம்பெனி கிரேட் பெரும்பாலும் தட்டையானது. ஆஃப்டர்மார்க்கெட்டில் வரும் ‘ஸ்கூப்’ வகையில் ஒரு சிறிய இறக்கை கீழே தொங்கும். அது ஓடும் தண்ணீரை வாரி பம்புக்குள் தள்ளும். அலையில் வண்டி எகிறி விழும்போது பம்பில் காற்று புகுந்து உந்துதல் அறுவதை இது வெகுவாகக் குறைக்கும். வண்டியின் பின்பக்கம் தண்ணீரோடு ஒட்டிப் போவது போன்ற உணர்வும் கிடைக்கும். மலாக்கா நீரிணையின் குட்டை அலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு பாகம் இல்லை.

ஆனால் அதே இறக்கை ஆற்றில் மிதக்கும் கட்டையில் இடிக்கும். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் நிப்பா மட்டைத் துண்டும் பையும் கயிறும் உள்ளே போய் இம்பெல்லர் தண்டில் சுற்றிக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைக் கவிழ்த்துக் கையால் உருவி எடுக்க வேண்டிவரும். நீரோட்டத்தில் அது வேடிக்கை அல்ல. வண்டியைக் கவிழ்க்கும்போதும் உற்பத்தியாளர் குறிப்பிட்ட பக்கமாகத்தான் உருட்ட வேண்டும். தவறான பக்கம் உருட்டினால் எக்ஸாஸ்டில் உள்ள தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கிவிடலாம். பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அது கிழிந்திருந்தால் புதிதாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆகவே தேர்வு இப்படி: பெரும்பாலும் ஆற்றிலேயே ஓட்டுபவர், கம்பி நெருக்கமான, அதிகம் தொங்காத கிரேட்டோடு நின்றுகொள்ளலாம். மின்யாக் பெக்கு பக்கம் கடலில் ஓட்டுபவருக்கு ஸ்கூப் கிரேட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. இரண்டிலும் ஓட்டுபவர் நடுத்தர ஆழமுள்ள ஸ்கூப்பை எடுத்துக்கொண்டு, கனமழைக்கு அடுத்த நாள் ஆற்றுப்பக்கம் போகாமல் இருக்கட்டும்.

ஸ்பான்சன்: வளைவில் பிடி

வண்டியின் பின்பக்க ஓரங்களில் இருபுறமும் பொருத்தும் துடுப்பு போன்ற பாகம் ஸ்பான்சன். சாயும்போது இது தண்ணீரில் இறங்கிக் கடிக்கும். ஆழமானது, நீளமானது, தாழ்வாகப் பொருத்தியது என்றால் பிடி கூடும். வளைவில் பின்பக்கம் வெளியே வழுக்குகிறது என்றால் இங்கேதான் தீர்வு. ஏற்றி இறக்கும்படி துளைகள் உள்ள வகையை வாங்குவது புத்திசாலித்தனம்; பிடிக்காவிட்டால் ஒரு துளை மாற்றிப் பார்க்கலாம்.

பிடி கூடினால் ஆபத்தும் கூடும். அளவுக்கு மீறிக் கடிக்கும் ஸ்பான்சன், வேகமான வளைவில் திடீரென்று பிடித்து ஓட்டுபவரை மேலே தூக்கி எறியும். ஒரேயடியாகப் பெரியதற்குத் தாவாமல் படிப்படியாகக் கூட்டுங்கள். சுழன்று விளையாடும் ஃப்ரீரைடு ஓட்டுநர்கள் வேண்டுமென்றே சிறிய ஸ்பான்சன் போடுகிறார்கள். பின்பக்கம் வழுக்குவதுதான் அவர்களுக்குத் தேவை. பழைய சதுர மூக்கு சூப்பர்ஜெட் அலையில் மூக்கைக் குத்தும் குறைக்கு, முன்பக்க ஓரங்களில் மிதப்பு கூட்டும் ‘டப்பிஸ்’ என்ற பாகமும் உண்டு.

ரைடு பிளேட், கிரேட், ஸ்பான்சன் மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கும். ஸ்கூப் கிரேட் பின்பக்கத்தைக் கீழே பிடித்தால் மூக்கு கொஞ்சம் எழும். அதை நீளமான பிளேட் சரிக்கட்டும். அதனால்தான் வொர்க்ஸ் ரேசிங், ஜெட் டைனமிக்ஸ் போன்ற நிறுவனங்கள் பிளேட்டையும் கிரேட்டையும் ஒரே குடும்பமாக வடிவமைத்து விற்கின்றன. வெவ்வேறு கடையில் வெவ்வேறு பெயரில் பொறுக்குவதைவிட, ஒரே நிறுவனத்தின் ஜோடியை வாங்கினால் சரிசெய்யும் வேலை குறையும்.

இம்பெல்லரும் நாசிலும்

இம்பெல்லரின் இறக்கைச் சாய்வைப் பிட்ச் என்பார்கள். பிட்ச் குறைவானால் நின்ற இடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பும். உச்ச வேகம் குறையும். பிட்ச் கூடினால் உச்ச வேகம் கூடும், கிளம்பச் சோம்பும். அலையில் ஒவ்வொரு நொடியும் உந்துதல் தேவைப்படுவதால் கையாள்வதற்குக் குறைந்த பிட்ச்தான் உதவும். தைவானின் சோலாஸ், அமெரிக்காவின் ஸ்கேட்-ட்ராக் இரண்டும் இத்துறையில் பழைய பெயர்கள். பட்டியலில் உங்கள் மாடலுக்கும் இன்ஜினுக்கும் எது பொருந்தும் என்று அவர்களே போட்டிருப்பார்கள். இன்ஜின் சுழற்சி உற்பத்தியாளர் சொன்ன எல்லையைத் தாண்டும் அளவு பிட்ச்சைக் குறைத்தால் டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் ஆயுள் போய்விடும்.

நாசிலின் வாய் குறுகினால் தண்ணீர் வேகமாகப் பாயும். அகன்றால் கிளம்பும் சக்தி கூடும். நாசிலை மேலும் கீழும் சாய்க்கும் கைவிசை டிரிம் ஒன்றும் கிடைக்கிறது. மூக்கைத் தாழ்த்தி வளைவு எடுத்து, நேர்ப்பாதையில் மூக்கை உயர்த்தி ஓடலாம். பந்தய ஓட்டுநர்களுக்கு இது தேவை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவருக்குப் பராமரிக்க இன்னொரு கேபிள்.

இன்ஜின் ஏன் கடைசியில்

மோட்டார் சைக்கிளில் டயரும் ஷாக்கும் தேய்ந்திருக்க, பிளாக்கை மட்டும் பெரிதாக்கி ஓட்டும் பையன்களை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே பிழைதான் நடக்கிறது. பிடி இல்லாத அடிப்பாகத்தில் கூடுதல் குதிரைத்திறன் சேர்ந்தால் துள்ளலும் வழுக்கலும்தான் பெருகும். பிளேட்டும் கிரேட்டும் சரியாக அமைந்த வண்டி, இருக்கும் இன்ஜினிலேயே ‘இவ்வளவு சக்தி இதில் இருந்ததா’ என்று கேட்க வைக்கும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் இன்ஜினைத் தொடுங்கள்.

போல்ட்டைக் கவனியுங்கள்

பாகத்துக்கு நூற்றுக்கணக்கில் செலவழித்துவிட்டு ஐம்பது காசு போல்ட்டில் கோட்டைவிடுவது அதிகம் நடக்கிறது. உப்புநீரில் 316 தர எவர்சில்வர் போல்ட்தான் தாங்கும். எவர்சில்வரும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்பு பட்டால் அலுமினியம் அரிக்கும். ஆகவே மரையில் மரைன் கிரீஸ் தடவ வேண்டும். அதிர்வில் கழலக்கூடிய இடங்களில் நீல நிற லாக்டைட் போடலாம். அலுமினிய மரையில் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். டார்க் ரென்ச் வைத்துக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து கரை சேர்ந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

ஆற்றில் ஓட்டினாலும் கடலில் ஓட்டினாலும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் கூலிங் குழாயை அலச வேண்டும். ஆற்றுநீர் உப்பில்லாதது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அதன் சேறு குழாய்களில் படியும், அமிலம் உலோகத்தைத் தின்னும்.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

மூன்று பாகத்தை ஒரே நாளில் மாட்டினால் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒன்றை மாற்றுங்கள், அதே இடத்தில், ஏறக்குறைய அதே நீர்மட்டத்தில், அதே அளவு பெட்ரோலோடு ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல் அளவு முக்கியம். 18 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் முன்பக்கம் சுமார் 13 கிலோ கூடும். இலேசான வண்டியில் அது நன்றாகவே தெரியும். நேர் ஓட்டம், இடது வளைவு, வலது வளைவு, அலையில் ஒரு சுற்று என்று நான்கையும் செய்து, கரைக்கு வந்ததும் தாளில் எழுதி வையுங்கள்.

சோதனைக்குப் போகும்போது லைஃப் ஜாக்கெட்டும், கையில் கட்டிய அணைப்புக் கயிறும், தடித்த வெட்சூட் காற்சட்டையும் கட்டாயம். பின்பக்கமாக விழுந்தால் நாசிலின் நீர்ப்பாய்ச்சல் உடலுக்குள் கடும் காயம் ஏற்படுத்தும் என்று உற்பத்தியாளர்களே எச்சரிக்கிறார்கள். படகுப் பதிவு, உரிமம் பற்றி கடல்துறையான ஜாபாத்தான் லாவுட் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மீனவர் வலை போட்டிருக்கும் பக்கம் போகாதீர்கள்; அது அவர்களுடைய பிழைப்பு, நம்முடையது பொழுதுபோக்கு.

முடிவாக: முதலில் புஷ், கேபிள், வேர் ரிங், நுரை. அடுத்து மேட். பிறகு ஆற்றுக்காரர் ரைடு பிளேட், கடல்காரர் ஸ்கூப் கிரேட். அதன்பின் ஸ்பான்சன், அதன்பின் இம்பெல்லர். இன்ஜின் எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த மாதம் ஒரே ஒரு பாகத்துக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் மேட்டை வாங்கி ஒட்டுங்கள்.